வண்டிக்குப் பக்கப்பை வாங்கும் முன்



மோட்டார் சைக்கிளின் பின்புறத்தில் இரு பக்கமும் தொங்கவிடும் பைகளைப் பற்றியது இக்கட்டுரை. இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிலர் எண்ணக்கூடும். நம்மில் பலருடைய வீட்டில் வாகனம் என்பது ஒரே ஓர் இருசக்கர வண்டிதான். வியாபாரத்திற்கும் அதுவே, மருத்துவமனைக்கும் அதுவே, மாமியார் வீட்டிற்கும் அதுவே. அந்த வண்டியில் எதைச் சேர்த்தாலும் அது குடும்பத்தில் ஒருவருடைய இடத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பை வாங்கினால் பணமும் மிஞ்சும், மனிதரும் பத்திரமாக இருப்பார்கள் என்பதே நான் சொல்ல வருவது.

நான் மேலப்பாளையத்தில் வசிக்கிறேன். கைலி, துண்டு, போர்வை ஆகியவற்றை மொத்தமாக எடுத்துச் சுற்றுவட்டாரத்துச் சிறு கடைகளுக்குக் கொடுப்பது தொழில். வாரத்தில் நான்கு நாட்கள் தனியாகச் சரக்குடன் செல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் என் மனைவியை அவருடைய தாயார் வீட்டிற்கு, கடையநல்லூருக்கு, அழைத்துச் செல்வேன். சரக்கைப் பின் இருக்கையின்மேல் உயரமாகக் கட்டிச் செல்வதே நெடுநாள் வழக்கம். உயரத்தில் இருக்கும் மூட்டை வளைவுகளில் வண்டியை இழுக்கும். ஒவ்வொரு கடையிலும் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவதில் கால் மணி நேரம் கழியும். ஆகவே சென்ற ஆண்டு, 2,000 ரூபாய்க்கு மிகாமல் ஒரு சோடிப் பக்கப்பை வாங்குவதென்று முடிவு செய்தேன்.

சுமையை இரண்டாகப் பிரித்து, முதுகின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிடுவது மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்ட உத்தி. நம் தமிழில் அதற்குப் பொதி என்று பெயர். அரபு நாட்டு ஒட்டகங்களின் இருபுறமும் தொங்கும் நெய்த பைக்கு குர்ஜ் என்று பெயர். சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைகள் வருகின்றன. அவற்றின் முதுகில் சுமை அழுந்தியதால் ஏற்பட்ட தழும்பையும் அந்தப் புலவர் கவனித்திருக்கிறார். பொதி எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்பவர் பலர். அது எங்கே உரசுகிறது என்று பார்ப்பவர் சிலரே. பக்கப்பை வாங்குபவரும் முதலில் பார்க்க வேண்டியது உரசும் இடத்தைத்தான்.

திருநெல்வேலியில் வண்டி உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடைக்குச் சென்றேன். கடைக்காரர் அழகான கறுப்புப் பைகளைக் காட்டினார். ஒரு சோடி 3,200 ரூபாய். அவற்றை மாட்டுவதற்கான இரும்புத் தாங்கி தனியாக 1,200 ரூபாய். என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த சேலை கார்டைக் கழற்றிட்டா ஸ்டே சுத்தமா உக்காரும், பாய். வேணும்னா பழைய இரும்பா எடுத்துக்கிறேன்," என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

சேலை கார்டு என்பது அலங்காரப் பொருள் அன்று. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123 ஆம் விதி, மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்பவருக்கு மூன்று பாதுகாப்புகள் இருக்க வேண்டும் என்கிறது: பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க மிதி, உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு. விதி சேலையை மட்டும் கருதி எழுதப்பட்டதன்று. உடை என்றே சொல்கிறது. நம் வீட்டுப் பெண்களின் புர்காவும் துப்பட்டாவும் அதில் அடங்கும். என் மாமி ஒருவருடைய புர்காவின் ஓரம், சேலை கார்டு இல்லாத வண்டியில் செல்லும்போது பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வண்டி மெதுவாகச் சென்றதால் மணிக்கட்டு முறிந்ததோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். எலும்பு கூடிவிட்டது. ஆயினும் அதன்பின் அவர் எந்த இருசக்கர வண்டியிலும் ஏறுவதில்லை. அவருடைய உலகம் நடந்து செல்லும் தூரத்திற்குச் சுருங்கிவிட்டது.

வீட்டிற்கு வந்து விவரம் சொன்னேன். கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு அலுமினியப் பெட்டிகள்மேல் ஆசை. "வாப்பா, ரெண்டு பக்கமும் பெட்டி வச்சா வண்டி லடாக் போற வண்டி மாதிரி இருக்கும்," என்றான். என் மனைவியோ, "பை வாங்குறது உங்க இஷ்டம். நான் உக்கார்ற பக்கத்தை மட்டும் எனக்கு விட்டுடுங்க," என்றார். அந்த ஒரு வாக்கியத்திற்குப் பிறகு வண்டியை வேறு கண்ணோடு பார்க்கலானேன்.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றிற்குச் சைலன்சர் வலப்பக்கம் இருக்கும். சங்கிலி இடப்பக்கம் ஓடும். பெண்கள் ஒருபுறமாக அமரும்போது இரு கால்களையும் இடப்பக்கம் வைத்துக்கொள்வார்கள். சேலை கார்டும் அந்தப் பக்கமே. ஆகவே வலப்பக்கம் நெருப்புக்குச் சொந்தம், இடப்பக்கம் பின்னால் அமரும் பெண்ணுக்குச் சொந்தம். பைக்கென்று காலி இடம் எதுவும் அந்த வண்டியில் இல்லை. விளம்பரப் படங்களில் வரும் வண்டிகளில் பின்னால் யாரும் அமர்ந்திருப்பதில்லை. அமர்ந்திருந்தாலும் இரு பக்கமும் கால் போட்டு அமர்ந்திருப்பார்கள். இடப்பக்கம் பை தொங்கினால் ஒருபுறமாக அமர்பவர் காலை எங்கே வைப்பார்? பையின்மேல் கால் தொங்க, மிதியில் பாதம் எட்டாமல், கைப்பிடியை மட்டும் நம்பிச் செல்ல வேண்டியதுதான்.

அடுத்ததாக எடைக் கணக்கைப் பார்த்தேன். வண்டியோடு தரும் கையேட்டில், அது சுமக்கக்கூடிய அதிகபட்ச எடை குறிப்பிடப்பட்டிருக்கும். ஓட்டுபவர், பின்னால் அமர்பவர், பை, சரக்கு எல்லாம் சேர்ந்த எடை அது. என் வண்டிக்கு 130 கிலோ. நான் 68 கிலோ, என் மனைவி 54 கிலோ. மீதம் 8 கிலோ. அதில் பையின் எடையே 2 கிலோ என்றால், மிஞ்சுவது 6 கிலோ. ஓர் இரவு தங்குவதற்கான உடைகளும், மாமியார் கொடுத்தனுப்பும் நான்கைந்து தேங்காய்களும் வைத்தாலே அது நிறைந்துவிடும். இருவர் செல்லும்போது பெரிய பைக்கு வேலையே இல்லை. தனியாகச் சரக்கு கொண்டு செல்லும்போதோ 60 கிலோ வரை கணக்கில் இடமுண்டு. பைகள் அதில் பாதியைத் தாங்கினாலே எனக்குப் போதும்.

இப்போது தேவை தெளிவாயிற்று. எனக்கு வேண்டியது சனிக்கிழமை மாலை இரண்டு நிமிடத்தில் முழுவதுமாகக் கழற்றி வீட்டில் வைத்துவிடக்கூடிய பை. வண்டியோடு நிரந்தரமாக முறுக்கப்படும் பெட்டி அன்று. பழைய பொதியைப் போலவே, இரு பைகளையும் அகலமான இரண்டு வார்களால் இணைத்து, இருக்கையின் பின்பாதியில் குறுக்காகப் போடும் வகை. அதற்கு விலையும் குறைவு.

எங்கள் பகுதியில் வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஓர் அண்ணாச்சியிடம் சென்றேன். ஆயத்தமாக விற்கும் பையைவிட இவர்கள் தைப்பது பல வேளைகளில் உறுதியாக இருக்கும். ஏனெனில் இருக்கை உறையின் தையல் நாள்தோறும் மனித எடையைத் தாங்க வேண்டியது. "கேன்வாஸா, ரெக்சினா பாய்? ரெக்சின் பளபளன்னு இருக்கும், ரெண்டு வெயில் பார்த்தா வெடிச்சிடும். கேன்வாஸ் அசிங்கமாத்தான் இருக்கும், ஆனா இருக்கும்," என்றார். தடித்த கேன்வாஸையே தேர்ந்தேன். நைலான், பாலியஸ்டர் பைகள் எடை குறைவானவை, மழையை ஓரளவு தடுப்பவை. ஆனால் சூடான சைலன்சரில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். தோல் பை நெடுநாள் உழைக்கும்; விலையும் அதிகம், எடையும் அதிகம், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

ஆயத்தப் பையாயினும் தைக்கும் பையாயினும் சில இடங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வார் பையோடு சேரும் இடத்தில் ஒற்றைத் தையல் போதாது. சதுரமாகத் தைத்து அதன் நடுவே பெருக்கல் குறிபோல் குறுக்குத் தையல் இருக்க வேண்டும். வாயை மூட ஜிப்பைவிட மடிப்பும் பக்கிளும் நல்லவை. நம் சாலைப் புழுதி ஜிப்பின் பற்களில் ஏறினால் சில மாதங்களில் அது அடம் பிடிக்கும். பிளாஸ்டிக் பக்கிளாயின் கடைத்தெருவில் எளிதில் கிடைக்கும் அளவாக இருக்கட்டும்; உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். பையின் அடியிலும், சக்கரத்தை நோக்கிய உட்புறத்திலும் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தகடு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அது இல்லாத பை, சுமை ஏறியதும் உள்ளே குழிந்து சக்கரத்தையோ ஷாக் அப்சார்பரையோ தொடும். பின்புறம் ஒளி பட்டால் மின்னும் பட்டையை ஒட்டிக்கொள்வது இரவில் பின்னால் வருபவருக்கு நாம் செய்யும் உதவி.

தாங்கியைப் பொறுத்தவரை, இடப்பக்கத்திற்குச் செலவே இல்லை. சேலை கார்டே பையைச் சக்கரத்திலிருந்து விலக்கி நிறுத்துகிறது. எடையை இருக்கையின்மேல் செல்லும் வார்கள் தாங்குகின்றன. கார்டு தடுப்பாக மட்டும் நிற்கிறது. கழற்றச் சொன்ன அந்த இரும்புதான் எனக்கு ஒரு தாங்கியின் விலையை மிச்சப்படுத்தியது. வலப்பக்கத்திற்கு மட்டும் ஒரு பட்டறையில் வளைந்த கம்பி ஒன்றைச் செய்து, ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டில் மாட்டினேன். பையை நிரப்பி, நானும் வண்டியில் ஏறி அமர்ந்து, பின்பகுதி தாழ்ந்த நிலையில் பைக்கும் சைலன்சருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொன்னேன். வெறும் வண்டியில் அளந்த இடைவெளி பயனற்றது. சுமை ஏறினால் அது குறைந்துவிடும். இண்டிகேட்டர், பின்விளக்கு, எண் பலகை மூன்றும் மறையாமல் தெரிகின்றனவா என்றும் அவனே பின்னால் நின்று பார்த்தான்.

செலவுக் கணக்கு இது: பைகள் தைக்க, துணி உட்பட 1,150 ரூபாய். வலப்பக்கக் கம்பி 350 ரூபாய். இருவர் செல்லும் நாட்களுக்காகப் பெட்ரோல் டேங்கின்மேல் மாட்டும் பையோடு கூடிய உறை 380 ரூபாய். ஆக 1,880 ரூபாய். கடையில் கேட்ட 4,400 ரூபாயில் பாதிக்கும் குறைவு. விலை குறைந்தது என்பதற்காகத் தரம் குறைந்ததை வாங்குவதும் வீண்விரயம்தான். ஆறு மாதத்தில் கிழிந்து மறுபடி வாங்கினால் இரு மடங்கு செலவு. தேவைக்கு மேல் அழகிற்காக வாங்குவது வேறொரு வகை வீண்விரயம். இரண்டுக்கும் நடுவிலுள்ள வழியைத்தான் நம் மார்க்கம் நமக்குக் கற்றுத்தருகிறது.

வாங்கிய பிறகும் ஒவ்வொரு பயணத்திலும் வேலை இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை நாம் பல சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறோம். அது திர்மிதியில் பதிவாகியுள்ளது. அன்றைய கேள்வி வாகனத்தைக் கட்டுவதைப் பற்றியது; வாகனத்தின்மேல் கட்டுவதற்கும் அது பொருந்தாமல் போகாது. பயண துஆ ஓதுவதற்கு முன் நான்கு பக்கிள்களையும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். முதல் பத்துக் கிலோமீட்டரில் சரக்கு குலுங்கி அமர்ந்து வார் தளர்ந்துவிடும். அங்கே நிறுத்தி மறுபடி இறுக்குகிறேன். தொங்கும் வார் நுனி எதுவும் இருக்கக் கூடாது. புர்காவைப் பிடிக்கும் அதே சக்கரமும் சங்கிலியும் வாரையும் பிடிக்கும்.

இரு பக்க எடையும் ஒத்திருக்க வேண்டும். வீட்டில் பழைய கொக்கித் தராசு ஒன்று உண்டு. ஒவ்வொரு பையையும் அதில் தொங்கவிட்டுப் பார்க்கிறேன். கனமான போர்வைகள் அடியிலும் முன்பக்கமாகவும், இலேசான துண்டுகள் மேலும் பின்னுமாக இருந்தால் வண்டியின் தலை இலேசாகாது. கடைகளில் சரக்கை இறக்கும்போதுதான் பலர் இதை மறப்பார்கள்: முதல் மூன்று கடைகளுக்கும் வலப்பையிலிருந்தே எடுத்தால், நான்காம் கடைக்குப் போகும்போது வண்டி இடப்பக்கம் சாய்ந்து கொண்டே போகும். ஒவ்வொரு கடையின் சரக்கையும் இரு பைகளிலும் பாதிப்பாதியாக வைத்துவிட்டால் இத்தொல்லை இல்லை. சுமையோடு செல்லும் நாட்களில் பின்சக்கரக் காற்றைக் கையேட்டில் இருவருக்கெனக் குறிப்பிட்டுள்ள அளவிற்கு வைக்க வேண்டும். பிரேக் பிடித்தால் வண்டி வழக்கத்தைவிடத் தள்ளியே நிற்கும். முன்செல்லும் வாகனத்தோடு உள்ள இடைவெளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பாதைக்கென்று தனிச் சோதனைகள் இரண்டு. தென்காசிப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழும். நெல்லையில் ஐப்பசி, கார்த்திகையில் கனமழை. ஆண்டில் இரு மழைக்காலம். பைக்கு வெளியே போடும் மழை உறை காற்றில் படபடத்துக் கழன்று போகக்கூடியது. சரக்கைத் தடித்த பாலிதீன் உறையில் இட்டு, வாயை முறுக்கிக் கட்டி, அதைப் பைக்குள் வைப்பதே நம்பகமானது. கேன்வாஸ் நனைந்தாலும் கைலி நனையாது. சாயக் கைலி ஒன்று நனைந்தால் பக்கத்திலுள்ள பத்து வெள்ளைத் துண்டுகளும் வீண். கடனாக எடுத்து வந்த சரக்கு பணம் கொடுக்கும்வரை நம் கையிலுள்ள அமானத் அல்லவா?

மற்றொன்று காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அது பக்கவாட்டில் அடிக்கும்போது, உப்பிய பை பாய்மரம் போல வண்டியைத் தள்ளும். பாதி நிறைந்த பையை அப்படியே தொங்கவிடாமல், வார்களை இறுக்கித் தட்டையாக்கிக்கொள்வதும், வேகத்தைக் குறைப்பதும் அதற்கு மருந்து.

பை மாட்டிய வண்டி அகலமாகிவிடுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சந்தையிலும், ஜும்ஆ முடிந்து கூட்டம் கலையும் தெருவிலும், பையின் ஓரம் ஒரு முதியவரின் முழங்கையிலோ ஒரு குழந்தையின் முகத்திலோ இடித்துவிடலாம். பாதையிலிருந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கருதும் சமுதாயம் நாம். நம் வண்டியே பாதையில் அத்தகைய பொருளாகிவிடக் கூடாது. நெரிசலில் இறங்கித் தள்ளிச் செல்வதில் குறைவு ஒன்றுமில்லை.

நம் பிள்ளைகள் பலர் இன்று உணவும் பொட்டலங்களும் கொண்டு சேர்க்கும் வேலையில் இருக்கிறார்கள். நாள் முழுவதும் முதுகில் பெரிய பையைச் சுமந்தபடி ஓட்டுகிறார்கள். தனியாக ஓட்டும் அவர்களுக்கு வண்டியின் இடப்பக்கம் காலியாகவே இருக்கிறது. முதுகுச் சுமையில் ஒரு பகுதியையாவது வண்டிக்கு மாற்றித் தர முடியுமா என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் ஒரு பிள்ளையின் இடுப்பிற்கு ஓய்வு கிடைக்குமானால், அது நல்ல செலவு.

பை வாங்கக் கடைக்குச் செல்லும் முன், வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, அதில் வழக்கமாக ஏறும் ஒவ்வொருவரையும் ஒருமுறை ஏறி அமரச் சொல்லுங்கள். உம்மா எங்கே கால் வைக்கிறார், மனைவியின் உடை எதுவரை தொங்குகிறது, அவர்கள் கை எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். அவர்களுக்குப் போக மிஞ்சிய இடம் எவ்வளவோ, அவ்வளவே பைக்கு. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தக் கேன்வாஸ் பைகள் திண்ணையில் கிடக்கின்றன. இடப்பக்கம் என் மனைவிக்கு முழுவதுமாக இருக்கிறது.

அல்லாஹ் நம் பயணங்களையும், நம்மோடு பயணம் செய்பவர்களையும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.